பூசை முடிந்து பார்த்த பிரஷர்

இறந்த பிறகும் என்னோடு வாதாடுவதை நிறுத்தாத என் அன்புச் சித்தப்பாவுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. மாதா கோயில் பங்கு மலரில் போட உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஒரே டாக்டர் நான்தானே, நான் எழுதினால் பொருத்தமாக இருக்குமாம். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வந்தது எதுவும் மலரில் போடுகிற மாதிரி இல்லை. அவர்களுக்கு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டு, உங்களிடம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் சித்தப்பா. வருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் மெழுகிச் சொல்லத் தெரியவில்லை. கோபம்தான்.

நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் மாத்திரைகள் போகவில்லை. தெம்பனிஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அம்மாவின் மாத்திரை டப்பாவில், நான்கு விதமான பிரஷர் மாத்திரைகளாக உட்கார்ந்திருக்கின்றன. அம்மா அவற்றை எடுத்து நெற்றியில் ஒரு முறை ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிறார். சாமி பிரசாதத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்குமா என்று தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரஷர் ஏறுகிறது.

அந்த மாத்திரைகளைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். முடியாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பதில் அம்மா பேசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களைக் கைராசிக்காரர் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். உங்கள் கிளினிக் இருந்த தேக்கா பக்கம் போனால் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்கிறார். "உங்க சித்தப்பா ஒரு ஊசி போட்டா போதும் லா, மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிடுவேன்" என்கிறார். சாதாரணச் சளிக்காய்ச்சல் தானாக வந்து தானாகப் போவது. போகிற நேரத்தில் நீங்கள் குறுக்கே நின்று ஒரு ஊசியைப் போட்டீர்கள், துரத்திவிட்டவர் என்ற பெயர் உங்களுக்குக் கிடைத்தது. அதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து நினைவிருக்கிறதா? ஒன்றுவிட்ட தங்கையின் குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன். வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, தண்ணீர் நிறையக் கொடு, மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காமல் போனாலோ உடனே கூட்டிக்கொண்டு வா என்று சொன்னேன். நீங்கள் எழுந்து கார் வரைக்கும் போய் ஆன்டிபயாட்டிக் சிரப் பாட்டிலோடு திரும்பி வந்தீர்கள்.

"நாங்கல்லாம் ஆளப் பாத்து வைத்தியம் பண்ணோம். இவங்க கைட்லைன் பாத்துப் பண்றாங்க" என்றீர்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். குழந்தை மூன்றாம் நாள் சரியாகிவிட்டது, எப்படியும் ஆகியிருக்கும். பாராட்டு சிரப்புக்குப் போனது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கேக் சாப்பிட்டேன். இன்றைக்கு மூடப் போவதில்லை.

ஆளைப் பார்த்து வைத்தியம். அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருகிறேன்.

என் வீட்டு ஆட்களுக்கு நான் மருந்து எழுதுவதில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. பாசம் கண்ணை மறைத்துவிடும் என்பார்கள். நீங்கள் அதையும் கேலி செய்தீர்கள். "அண்ணி என் பேஷன்ட், நீ தலையிடாத" என்றீர்கள். தலையிடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வந்து நிற்கும். அம்மாவைப் பூசைக்கு அழைத்துப் போவீர்கள், பூசை முடிந்ததும் நேராக உங்கள் மாடிக் கிளினிக். சொந்தக்காரர்களுக்கென்று ஞாயிறு காலையில் கதவைத் திறந்து வைப்பது உங்கள் பெருந்தன்மை. நான் அந்த நேரத்தில் என் கிளினிக்கில் வேறு யாருடைய அம்மாவையோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிரஷர் ஏறியிருக்கிறது என்று ஒரு மாத்திரை சேர்த்தீர்கள். அப்புறமும் ஏறியிருக்கிறது என்று இன்னொன்று. பிறகு அளவைக் கூட்டினீர்கள். பிறகு மூன்றாவது, நான்காவது. "அண்ணியோட பிரஷர் ரொம்பப் பிடிவாதம்" என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறீர்கள். பிடிவாதம் யாருடையது சித்தப்பா?

அம்மா விழுந்தது ஒரு புதன்கிழமை. தெம்பனிஸ் ஈரச்சந்தையில் குனிந்து மீன் பொறுக்கியிருக்கிறார். நிமிர்ந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே சாய்ந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. மீன்காரச் சீனர் தன் தெர்மோகோல் பெட்டியைக் கவிழ்த்து அம்மாவின் தலைக்கு வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டர்கள் இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார்கள். நீங்கள் திராட்சைப் பழத்தோடு வந்தீர்கள். வீட்டுக்கு வந்த முதல் மாதம் பிரஷர் பார்த்தீர்கள், அந்த இரண்டையும் திரும்ப எழுதிக்கொடுத்தீர்கள். "சின்னப் பசங்க, அண்ணிய அவங்களுக்கு என்ன தெரியும்" என்றீர்கள். நான் மறுத்துப் பேசினேன். தள்ளாட்டம் இருக்கிறது, நிற்க வைத்துப் பிரஷர் பாருங்கள் என்றேன். வயசானால் தள்ளாட்டம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி, அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். அம்மாவுக்கு அது போதும்.

பிறகு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். காலையில் நெஞ்சு வலி, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கப் பூசைக்கு வந்த கூட்டம் கோயில் வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் நின்றது. ஆளாளுக்கு ஒரு ஊசிக் கதை சொன்னார்கள். நானும் அழுதேன். சின்ன வயதில் என் காதில் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, என் நெஞ்சு அடிப்பதையே எனக்குக் கேட்க வைத்தவர் நீங்கள். அதற்காக அழுதேன், அது நிஜம். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் உங்களைப் பாராட்டப் போவதில்லை.

உங்கள் கிளினிக்கை ஓர் இளம் டாக்டர் எடுத்து நடத்துகிறார். பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது, கழற்றினால் கூட்டம் வராது என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. கீழே இருந்த புடவைக்கடை போய் இப்போது கைப்பேசிக் கடை வந்திருக்கிறது. மாடிப்படி மட்டும் அதேதான், செங்குத்தாக. அம்மா வேறு எந்த டாக்டரிடமும் போக மறுத்துவிட்டார். மாதம் ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டு மேரி அக்காவோடு எம்ஆர்டி ரயில் ஏறிப் பூசைக்குப் போய், அங்கிருந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவார். இளம் டாக்டரும் "பழைய மருந்தே" என்று எழுதித் தந்துகொண்டிருந்தார்.

போன மாதம் சமையலறையில் அம்மா மறுபடி சாய்ந்தார். நான் பக்கத்தில் நின்றதால் பிடித்துக்கொண்டேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அம்மாவோடு கிளம்பினேன்.

காலையில் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் அப்படியே நிறைந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அம்மா என்னை ஏதோ அசிங்கமான வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார்.

"பூசைக்கு முன்னாடி எப்படிப் போடறது? நன்மை வாங்கணும்ல."

"மாத்திரைதானேம்மா."

"மாத்திரையும் வாயிலதான போகுது. தண்ணி வேற குடிக்கணும்."

வண்டியில் ஏறியும் நான் விடவில்லை. நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முந்தின விரதத்தைத் திருச்சபையே ஒரு மணி நேரமாகக் குறைத்து எத்தனையோ காலமாகிவிட்டது, தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே கிடையாது, ஃபாதரிடமே கேளுங்கள் என்றேன். "ஃபாதர் சின்னப் பையன், அவருக்கு என்ன தெரியும்" என்று சொல்லி அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு காய்ந்திருந்தது. முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பூசை முடிந்தது. வெயிலில் நடந்தோம். படி ஏறினோம். மூச்சு வாங்க உட்கார்ந்தவுடனே டாக்டர் பையன் ரவிக்கைக் கைக்கு மேலேயே பிரஷர் பட்டையைச் சுற்றினார், "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்று கேட்டார், அம்மா முழங்கால் வலியிலிருந்து மேரி அக்கா மருமகள் வரைக்கும் சொல்லிக்கொண்டே போக, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னும் ஹையாதான் இருக்கு. இன்னொன்னு சேர்த்துடலாமா?"

ஐந்தாவது மாத்திரை.

வேண்டாம் டாக்டர், ஒரு வாரம் வீட்டில் அளந்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அம்மாவைக் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன். தேக்கா உணவுக்கடையில் அம்மா தோசைக்குச் சொன்னார், கோப்பி ஒரு வாய் குடித்தார், பிறகு கைப்பையைத் திறந்து டிஷ்யூவில் மடித்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து நிதானமாக விழுங்கினார். இங்கே பூசைக்கு வரும்போதெல்லாம் இப்படித்தானா என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகி உங்க அப்பா வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இப்படித்தான். அங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம். எனக்கும் வந்துடுச்சு."

"சித்தப்பா பிரஷர் பாக்குறப்ப, மாத்திரை போடலைன்னு ஏன்மா சொல்லல?"

அம்மா தோசையைப் பிய்த்தார். "அவருக்குத் தெரியாதா என்ன? கோயில்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு. அவரும்தான் ஒண்ணும் சாப்பிடாம வந்தாரு. இங்க வந்துதான் ரெண்டு பேரும் கோப்பி குடிப்போம்."

சித்தப்பா, உங்களை நான் மன்னிக்காமல் இருப்பது இந்த இடத்தில்தான்.

அம்மா விரதம் இருப்பது வேறு எந்த டாக்டருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வார்டு டாக்டருக்குத் தெரியாது. இந்தப் பையனுக்குத் தெரியாது. இந்த ஊரில் ஆயிரம் டாக்டர்கள் இருக்கலாம், ஒரே ஒருவருக்குத்தான் அது தெரியும். அவர் அதே பெஞ்சில், அதே காய்ந்த வாயோடு உட்கார்ந்திருந்தவர். அது அவர் வீட்டுப் பழக்கம். கோயிலில் கொழுந்தனாராக இருந்தவர் படி ஏறி டாக்டரானதும் அதை எங்கே விட்டுவிட்டு வந்தார்? ஆளைப் பார்த்து வைத்தியம் செய்தவரே, அந்த ஆள் வெறும் வயிற்றோடு வந்திருப்பதைப் பார்க்கவில்லையா?

ஒரு வேளை மாத்திரை தவறினதால் மட்டும் அவ்வளவு ஏறாது என்று நீங்கள் வாதாடுவீர்கள். சரி. நீங்கள் கொடுத்ததில் இரண்டு, சில மணி நேரமே வேலை செய்கிறவை, காலையில் போடாவிட்டால் பூசை முடிவதற்குள் முந்தின வேளை போட்டதன் பலம் போய்விடும். அதோடு வெயில், படி, பேச்சு, ரவிக்கைக்கு மேல் சுற்றிய பட்டை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படியில் அம்மாவின் கையைப் பிடித்து நீங்களே ஏற்றிவிடுவீர்களாம், ஏறின கையோடு பிரஷர் பார்ப்பீர்களாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, காலைத் தரையில் பதிய வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். நீங்கள் கிண்டல் செய்த கைட்லைனில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அது நாங்கள் சோம்பேறித்தனத்துக்கு எழுதி வைத்துக்கொண்டது அல்ல. அம்மா மாதிரி ஆட்கள் சந்தையில் விழாமல் இருக்க எழுதினது.

மாதத்தில் ஒரே ஒரு காலை அம்மாவுக்குப் பிரஷர் அதிகம், அந்தக் காலையில்தான் நீங்கள் பார்த்தீர்கள். மற்ற நாளெல்லாம் அந்த நான்கு மாத்திரைகளும் வேளை தவறாமல் உள்ளே போய் அம்மாவைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தன.

வீட்டில் ஒரு வாரம் அளந்தேன். காலையும் மாலையும், உட்கார வைத்து, பேச விடாமல். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஒரு நாள்கூட அதிகமில்லை, பல நாள் வேண்டியதைவிடக் குறைவு. எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் இன்னும் சரிந்தது, அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார். எண்களை இளம் டாக்டருக்கு அனுப்பி, விரத விஷயத்தையும் சொன்னேன். "நான் கேக்கவே இல்ல டாக்டர்" என்றார். அவ்வளவுதான். தன் தப்பை ஒரு வரியில் ஒப்புக்கொண்டார். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வரலாம், முதலில் நான்காவது என்று அவரே எழுதிக்கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நான்காவது மாத்திரையை எடுக்கப் போனேன், அம்மா டப்பாவைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவரு எழுதுனது. அவரு போனதுக்கப்புறம் மாத்துனா நல்லாவா இருக்கும்?"

"மறுபடி விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"விழுந்தா விழுறேன்."

நான் கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியதே இல்லை. இன்னொரு இடுப்பு முறிந்தால் எழுந்து நடக்க மாட்டீர்கள், படுக்கையோடு போய்விடுவீர்கள், உங்கள் கைராசிக்காரர் வந்து தூக்கிவிட மாட்டார் என்றேன். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை, மாத்திரை மட்டும் நெற்றியில் ஒற்றி உள்ளே போனது. உங்களை அந்த இரண்டு நாளும் நான் எப்படியெல்லாம் திட்டினேன் என்பதை நினைவுப் பூசை நாளில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள் அம்மாவே வந்து மேசையில் உட்கார்ந்தார்.

"சரி. குறைக்கிறதுன்னா குறைச்சுக்க. ஆனா உன் சித்தப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குறை."

"அவர் இறந்துட்டாரும்மா."

"தெரியும். அடக்கத்துக்குப் போனேன்ல. அஸ்தி மாடத்துல போய்க் கேளு. வேணாம்னு அவரு சொல்லிட்டா விட்டுடணும்."

"எப்படிம்மா சொல்லுவாரு?"

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். டாக்டருங்க பேசிக்கிறது எனக்கு எதுக்கு."

அதனால்தான் இந்தக் கடிதம் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை முடிந்ததும் அம்மாவை உங்கள் சாம்பல் வைத்திருக்கும் அஸ்தி மாடத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மா ஜெபமாலையோடு அங்கிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். நான் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதை மனதுக்குள் படிப்பேன். அந்தப் படத்திலும் அதே சிரிப்புதான், கிறிஸ்துமஸ் மேசையில் சிரித்த சிரிப்பு. அனுமதி கேட்க நான் வரவில்லை. தகவல் சொல்ல வருகிறேன். நான்காவது மாத்திரை திங்கட்கிழமை நிற்கிறது. இரண்டு வாரம் வீட்டில் அளந்து பார்த்துவிட்டு மூன்றாவதைத் தொடுவோம்.

திரும்பியதும் அம்மா கேட்பார், என்ன சொன்னாரு என்று. பதிலை யோசித்து வைத்துவிட்டேன்.

"சரின்னாரும்மா. நான் அன்னைக்கே அண்ணிகிட்ட கேட்டிருக்கணும்னு சொன்னாரு."

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா நம்புவார். உங்கள் பேரைச் சொன்னால் எதையும் நம்புவார், நீங்கள் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் அந்த நம்பிக்கையை வைத்து நீங்கள் அம்மாவைக் கீழே தள்ளினீர்கள். இந்த ஒரு முறை அதே நம்பிக்கையை வைத்து நான் எழுந்து நிற்க வைக்கப் போகிறேன். உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

பங்கு மலருக்கு உங்கள் சிரிப்பைப் பற்றியும் ஸ்டெதஸ்கோப்பைப் பற்றியும் எழுதித் தருகிறேன். அவர்களுக்கு அது போதும். உங்களுக்கு மட்டும் ஒரு வாக்குத் தருகிறேன். என் முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், பட்டையைச் சுற்றுவதற்கு முன்னால், இன்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். தெரிந்த முகமாக இருந்தால், சொந்தமாக இருந்தால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவராக இருந்தால், இரண்டு முறை கேட்பேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உங்கள் அண்ணன் மகள்,
செலின்